ஹைதராபாத் உயிரித் தொழில்நுட்பத் துறை: பெயர்ப்பலகைக்கு முந்தைய ஐம்பது ஆண்டுகள்

ஹைதராபாத்துக்கு வடக்கே, ஷாமீர்பேட்டையைத் தாண்டிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இன்று தடுப்பூசி ஆலைகளும் ஆய்வுக்கூடங்களும் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜீனோம் வேலி எனப் பெயரிடப்பட்ட இந்தப் பகுதியில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இயங்குவதாகவும், உலகத் தடுப்பூசி உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு இந்த நகரைச் சுற்றியே நடப்பதாகவும் தெலங்கானா அரசு சொல்லிவருகிறது. இந்த வளர்ச்சிக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் எளிமையானது: 1999ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு ஒரு தனி மண்டலத்தை அறிவித்தது, நிலம் கொடுத்தது, அனுமதிகளை விரைவுபடுத்தியது, நிறுவனங்கள் வந்தன. இந்த விளக்கத்தில் பொய் எதுவும் இல்லை என்றாலும், அதே காலத்தில் நிலமும் சலுகையும் தந்து உயிரித் தொழில்நுட்பப் பூங்கா அமைத்த பிற மாநிலங்களில் ஏன் இதே அளவுக்கு எதுவும் முளைக்கவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. பதில் வேண்டுமானால் பெயர்ப்பலகை நடப்பட்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

நிஜாம் ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1944ல், ஹைதராபாத் சமஸ்தானம் தன் தொழில்களுக்கு உதவுவதற்காக ஒரு மைய ஆய்வுக்கூடத்தை நிறுவியது. நாடு விடுதலை பெற்று, சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பிறகு, 1956ல் அந்த ஆய்வுக்கூடம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின்கீழ் வந்து, வட்டார ஆராய்ச்சிக் கூடம் என்ற பெயரைப் பெற்றது. பிற்காலத்தில் அதுவே இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆனது. குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய 1918ல் சிறிய அளவில் தொடங்கப்பட்டு வளர்ந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் 1958ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. மானாவாரிப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட் 1972ல் நகரின் மேற்கே பட்டன்சேருவில் அமைந்தது. 1977ல் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், அதாவது சி.சி.எம்.பி., உயிரியலாளர் புஷ்பா பார்கவாவின் தலைமையில் தனி நிறுவனமாக உருப்பெற்றது. இவற்றில் ஒன்றைக்கூட மருந்துத் தொழிலுக்கு அடித்தளம் போடும் நோக்கத்தில் யாரும் அமைக்கவில்லை. ஆனால் கரிம வேதியியலும் மூலக்கூறு உயிரியலும் ஊட்டச்சத்து அறிவியலும் ஒரே நகருக்குள், ஒருவர் மற்றவரின் கருவியைக் கேட்டுப் பெறக்கூடிய தொலைவில் அமைந்துவிட்டன. தொழில் தொடங்க வந்தவர்களுக்குப் பின்னாளில் இதுவே பெரிய முதலாக இருந்தது.

ஆய்வுக்கூடம் மட்டும் தொழிலை உண்டாக்கிவிடாது. ஆலை அனுபவமும் வேண்டும். அதைத் தந்தது ஒரு பொதுத்துறை நிறுவனம். சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு 1961ல் நிறுவப்பட்ட இந்தியன் டிரக்ஸ் அண்ட் பார்மசூட்டிகல்ஸ் லிமிடெட், சுருக்கமாக ஐ.டி.பி.எல்., மூன்று ஆலைகளை அமைத்தது: நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு ரிஷிகேஷ், அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்குச் சென்னை, செயற்கை வேதி மருந்துகளுக்கு ஹைதராபாத். அன்று எந்த ஊருக்கு எந்த ஆலை என்று எடுத்த முடிவு அரை நூற்றாண்டுக்குப் பிறகு எந்த ஊரில் எந்தத் தொழில் இருக்கும் என்பதையும் பெருமளவு தீர்மானித்துவிட்டது என்றே தோன்றுகிறது. ஹைதராபாத்தின் பாலாநகர் ஆலையில் சல்ஃபா மருந்துகளும் வைட்டமின்களும் டன் கணக்கில் தயாராயின. பல்கலைக்கழகத்தில் குடுவையில் வேதிவினை நடத்திப் பழகிய இளைஞர்கள், ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் கலனில் அதே வினை எப்படி வேறு விதமாக நடந்துகொள்ளும், வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது, கரைப்பானை எப்படி மீட்டெடுப்பது, ஒரு தொகுதி கெட்டுப்போனால் காரணத்தை எங்கே தேடுவது என்பதையெல்லாம் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றார்கள். நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கி 1992ல் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. லாப நஷ்டக் கணக்கில் அது தோல்விதான். அங்கே பயிற்சி பெற்று வெளியேறியவர்கள் தொடங்கிய நிறுவனங்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், அதற்குச் செலவிட்ட பொதுப்பணம் பன்மடங்காகத் திரும்பியிருக்கிறது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இந்த ஆலை அனுபவம் தனியார் தொழிலாக மாற ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்துக்கு அந்த மருந்தின்மீதே காப்புரிமை இருந்தது. வேறு யாரும் எந்த வழியிலும் அதைத் தயாரிக்க இயலாது. 1970ல் நிறைவேறி 1972ல் நடைமுறைக்கு வந்த இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துக்கும் உணவுக்கும் பொருளின்மீதான காப்புரிமையை நீக்கி, செய்முறைக்கு மட்டும், அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு, உரிமை தந்தது. அதே மருந்தை வேறொரு வேதிவழியில் தயாரிக்கும் எவருக்கும் சந்தை திறந்தது.

வேறொரு வேதிவழி என்பது எழுதிப் படிக்கும்போது சிறிய விஷயமாகத் தெரியும். ஒரு மருந்து மூலக்கூறை உருவாக்கப் பத்துப் படிநிலைகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் 80 விழுக்காடு பொருள் கைக்குக் கிடைத்தால், கடைசியில் மிஞ்சுவது தொடக்கத்தில் போட்டதில் ஏறத்தாழ 11 விழுக்காடுதான். படிக்குப் படி 90 விழுக்காடு கிடைக்கும்படி வினையைத் திருத்திவிட்டால், அதே பத்துப் படிகளின் முடிவில் 35 விழுக்காடு மிஞ்சும். செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். விலையுயர்ந்த வினைப்பொருளுக்கு மாற்றாக மலிவான ஒன்றைக் கண்டுபிடிப்பது, இரண்டு படிகளை இணைத்து ஒன்றாக்குவது, இடையில் பிரித்தெடுக்காமலே அடுத்த வினைக்குப் போவது என்று இதற்கான வேலை மாதக்கணக்கில் நீளும். ஹைதராபாத் வேதியியலாளர்கள் இந்த வேலையில் தேர்ந்தார்கள். வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் இயக்குநராக 1985 முதல் 1995 வரை இருந்த ஏ.வி. ராமா ராவ், எய்ட்ஸ் நோய்க்கு அன்றிருந்த முதன்மை மருந்தான ஏ.இசட்.டி.யை மலிவாகத் தயாரிக்கும் செய்முறையை உருவாக்கினார். மும்பையின் சிப்லா நிறுவனம் அதைக்கொண்டு அந்த மருந்தைப் பன்னாட்டு விலையில் சிறு பகுதிக்கு விற்க முடிந்தது. பொது ஆய்வுக்கூடம் செய்முறையைத் தந்து, தனியார் ஆலை உற்பத்தியை மேற்கொள்ளும் பாதை அப்போதே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

ஐ.டி.பி.எல்.லில் 1969 முதல் 1975 வரை பணியாற்றிய அஞ்சி ரெட்டி, வெளியேறிச் சில நிறுவனங்களில் பங்கெடுத்தபின் 1984ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ரத்த அழுத்த மருந்தான மெத்தில்டோபா அதன் தொடக்ககாலத் தயாரிப்புகளில் முக்கியமானது. அவரோடு கெமினார் நிறுவனத்தில் பணியாற்றிய முரளி திவி 1990ல் திவிஸ் ஆய்வகத்தை நிறுவினார். டாக்டர் ரெட்டீஸில் பணிபுரிந்த பார்த்தசாரதி ரெட்டி 1993ல் ஹெட்டிரோவைத் தொடங்கினார். ஒரு நிறுவனத்திலிருந்து வெளியேறுபவர் அதே ஊரில் அடுத்த நிறுவனத்தைத் தொடங்குவதும், அங்கே வேலை கற்றவர் இன்னொன்றைத் தொடங்குவதுமாக இது கிளைத்தது. உபகரணம் செய்து தருபவர், கரைப்பான் விற்பவர், பகுப்பாய்வு செய்து தருபவர், ஆவணம் எழுதத் தெரிந்தவர் எல்லோரும் ஊருக்குள்ளேயே கிடைத்ததால், ஒவ்வொரு புதிய நிறுவனமும் முந்தையதைவிடக் குறைந்த சிரமத்தில் எழுந்தது. மாத்திரைக்குள் இருந்து வேலை செய்யும் வேதிப்பொருளுக்கு மூலமருந்து என்று பெயர்; இந்தியாவின் மூலமருந்துத் தலைநகரம் என்று ஹைதராபாத்தைச் சொல்லும் வழக்கம் இப்படித்தான் உருவானது.

ஆனால் மூலமருந்து வேதியியல் சார்ந்தது. உயிரித் தொழில்நுட்பம் அதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அங்கே மருந்தைத் தயாரிப்பது ஓர் உயிரணு. வேதியியலில் தேர்ந்த ஒரு நகரம் உயிரியலுக்கு எப்படித் தாவியது என்பதைக் காட்டும் ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டுமென்றால், அது சாந்தா பயோடெக்னிக்ஸ்.

மின்னணுவியல் பொறியாளரான வரபிரசாத் ரெட்டி 1993ல் இந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இந்தியாவில் இறக்குமதிச் சரக்காக மட்டுமே இருந்தது. ஒரு தவணைக்குப் பல நூறு ரூபாய் ஆகும். மூன்று தவணை போட வேண்டும். ஆகவே கல்லீரலை அரிக்கும் இந்தத் தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே எட்டியது. உயிரித் தொழில்நுட்பத்தை நம்பிக் கடன் தர உள்ளூர் நிதி நிறுவனங்கள் முன்வராத நிலையில், ஓமன் நாட்டு வெளியுறவு அமைச்சர் யூசுஃப் பின் அலவி சொந்த முறையில் முதலீடு செய்து பாதிப் பங்கை எடுத்துக்கொண்டார். ஆராய்ச்சி முதலில் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பின்னர் சி.சி.எம்.பி.யிலும் ஒதுக்கித் தரப்பட்ட இடத்தில் நடந்தது. ஓர் அரசு ஆராய்ச்சி மையம் தனியார் நிறுவனத்துக்குத் தன் கூரையின்கீழ் இடம் தருவது அன்று அரிதான செயல்; பார்கவாவின் காலம் முதல் சி.சி.எம்.பி. வளர்த்துவந்த திறந்த மனப்பான்மை அதற்கு உதவியது என்பது என் கணிப்பு.

அங்கே நடந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஹெபடைடிஸ் பி வைரசின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்துக்கான மரபணுவை மட்டும் பிரித்தெடுத்து, பிச்சியா பாஸ்டோரிஸ் என்னும் ஈஸ்ட்டுக்குள் செருகுகிறார்கள். மெத்தனாலை உணவாகக் கொண்டு வளரக்கூடிய இந்த ஈஸ்ட், மெத்தனால் கிடைத்ததும் செருகப்பட்ட மரபணுவையும் சேர்த்து இயக்கி, வைரசின் புரதத்தைத் தன் உடலுக்குள் நிறையச் சேர்க்கிறது. பிறகு ஈஸ்ட்டை உடைத்து, அதற்கே உரிய ஆயிரக்கணக்கான புரதங்களிலிருந்து வேண்டிய ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டும். சிரமம் முழுவதும் இந்த இடத்தில்தான் குவிந்திருக்கிறது. ஈஸ்ட்டின் எச்சம் மிகச் சிறிதளவு தங்கினாலும் தடுப்பூசி ஏற்கப்படாது. தூய்மையான புரதத்தை அலுமினிய உப்போடு பிணைத்துக் குப்பியில் அடைத்தபின், 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் அதைப் பாதுகாக்க வேண்டும். வெயிலில் வைத்தால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் இந்தத் தடுப்பூசி பயனற்றுப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. 1997 ஆகஸ்டில் ஷான்வாக்-பி என்ற பெயரில் இது சந்தைக்கு வந்தபோது, மரபணு மாற்று முறையில் இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் தடுப்பூசியாக இருந்தது. பிற இந்திய நிறுவனங்களும் களத்தில் இறங்க, பன்னாட்டுக் கொள்முதலில் ஒரு தவணையின் விலை ஒரு டாலருக்கும் கீழே வந்தது. ஏழை நாடுகளின் குழந்தைத் தடுப்பூசித் திட்டங்களில் ஹெபடைடிஸ் பி இடம்பெற இந்த விலைச் சரிவு பெரிதும் காரணம். ஜீனோம் வேலி அறிவிக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

திருத்தணிக்காரரான கிருஷ்ணா எல்லா, அமெரிக்காவில் முனைவர் பட்டமும் ஆராய்ச்சி அனுபவமும் பெற்றுத் திரும்பி, சுசித்ரா எல்லாவுடன் சேர்ந்து 1996ல் பாரத் பயோடெக்கைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் ரோட்டாவாக் தடுப்பூசியின் வரலாறு, இத்தகைய தொழிலுக்கு எவ்வளவு நீண்ட காலமும் எத்தனை கைகளும் தேவை என்பதைக் காட்டுகிறது. 1980களின் நடுப்பகுதியில், புதுடெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் எம்.கே. பான் குழுவினர், பிறந்த சிசுக்களிடம் ரோட்டாவைரசின் ஒரு வகை தொற்றியும் வயிற்றுப்போக்கு உண்டாகாமல் இருப்பதைக் கவனித்தார்கள். 116இ எனக் குறிக்கப்பட்ட அந்த வகையே தடுப்பூசிக்கு விதையானது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனங்களும் கேட்ஸ் அறக்கட்டளையும் பங்கெடுத்தன. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் மூன்றாம் கட்டப் பரிசோதனை நடந்தது. கடுமையான ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56 விழுக்காடு தடுப்பதாக 2013ல் முடிவு வெளியானது. இந்த எண் குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஏழை நாடுகளில் பன்னாட்டு நிறுவனங்களின் ரோட்டாவைரஸ் தடுப்பூசிகளும் ஏறக்குறைய இதே அளவில்தான் பயன் தந்தன. தவணைக்கு ஒரு டாலர் என்ற விலையோடு 2015 மார்ச்சில் ரோட்டாவாக் அறிமுகமானது. நுண்ணுயிரைக் கண்டறிந்ததற்கும் குப்பி வெளிவந்ததற்கும் இடையில் முப்பது ஆண்டுகள்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது 1999ஆம் ஆண்டு அறிவிப்பின் பங்கு தெளிவாகிறது. ஏற்கெனவே இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்த நிறுவனங்களுக்கு அது ஒரு பொது இடத்தைத் தந்தது. மாநில அரசு தந்த 200 ஏக்கரில் ஐசிஐசிஐ வங்கி எழுப்பிய அறிவுப் பூங்கா, நீர், மின்சாரம், காற்றோட்டம், கழிவு அகற்றல் ஆகிய வசதிகளோடு தயார்நிலை ஆய்வுக்கூடங்களை வாடகைக்குக் கொடுத்தது. சொந்த ஆய்வுக்கூடம் கட்டிமுடிக்கும் முன்பே கைப்பணம் தீர்ந்துபோகும் சிறு நிறுவனங்களுக்கு இது உண்மையான உதவி. அரசியல் தலைமை பலமுறை மாறியும், 2014ல் மாநிலமே இரண்டாகப் பிரிந்தும், இந்தத் துறைக்கான ஆதரவு தொடர்ந்தது. இதற்குரிய பாராட்டை எல்லா அரசுகளுக்கும் தரலாம்.

இங்கே தமிழ்நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தடுப்பூசி உற்பத்தியில் ஹைதராபாத்துக்குப் பல பத்தாண்டுகள் மூத்தவை நம் நிறுவனங்கள். கிண்டி கிங் நிலையம் 1899லும், குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907லும், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948லும் தொடங்கப்பட்டவை. நாய்க்கடித் தடுப்பூசியும் முத்தடுப்பு ஊசியும் குன்னூரிலிருந்து நாடெங்கும் போயின. ஆனால் அரசுத் துறைக்குள் அரசுத் தேவைக்காக மட்டும் இயங்கிய இந்த நிறுவனங்களைச் சுற்றி, அவற்றின் அறிவை எடுத்துக்கொண்டு வெளியேறி ஆபத்தை ஏற்கும் தொழில்முனைவோரும் முதலீடும் சேரவில்லை. நவீன உற்பத்தித் தரத்துக்கு ஏற்ப அவற்றைப் புதுப்பிக்கவும் பணம் ஒதுக்கப்படவில்லை. 2008 ஜனவரியில், உற்பத்தித் தரம் போதவில்லை என்று குன்னூர், கிண்டி பி.சி.ஜி., இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலி ஆகிய மூன்று நிறுவனங்களின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2010ல்தான் அந்தத் தடை நீங்கியது. மாற்றாகச் செங்கல்பட்டில் எழுப்பப்பட்ட ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம், தடுப்பூசிக்காக நாடே தவித்த 2021ல்கூட உற்பத்தியின்றிக் கிடந்தது. அறிவு முதலில் வந்த இடத்தில் தொழில் தானாக வளர்ந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலிமிகுந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

ஹைதராபாத் கதையிலும் சறுக்கல்கள் உண்டு. வேதி மருந்தில் இறுதிப் பொருளைச் சோதித்தாலே பெரும்பாலும் போதும். உயிரி மருந்தில் உற்பத்தி நடந்த விதமே பொருளின் தரமாகிறது. சாந்தாவின் ஐந்து நோய்க்கான கூட்டுத் தடுப்பூசியான ஷான்5, ஐ.நா. அமைப்புகள் வாங்குவதற்குத் தேவையான, உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று பெற்று, யுனிசெஃப் அமைப்பிடமிருந்து 34 கோடி டாலர் மதிப்புள்ள கொள்முதல் ஆணையையும் பெற்றிருந்தது. 2009ல் பிரான்சின் சனோஃபி நிறுவனம் சாந்தாவை வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த ஆண்டே, சில குப்பிகளின் உட்சுவரில் வெள்ளைப் படிவு ஒட்டியிருப்பது தெரியவர, சான்று விலக்கப்பட்டது. திரும்பப் பெற 2014 வரை ஆனது. கோவிட் காலத்தில், புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் பிரித்துத் தந்த வைரசிலிருந்து பாரத் பயோடெக் உருவாக்கிய கோவாக்சினுக்கு 2021 ஜனவரி 3 அன்று, மூன்றாம் கட்டப் பரிசோதனையின் பயன்திறன் முடிவு வரும் முன்பே அவசர அனுமதி தரப்பட்டதை அறிவியலாளர்கள் பலர் கேள்விக்குள்ளாக்கினார்கள். பிறகு வெளியான முடிவு 77.8 விழுக்காடு பயன்திறனைக் காட்டியபோதும், அந்த அவசரம் தேவையற்ற ஐயத்தை விதைத்துவிட்டது என்பதே என் கருத்து. 2022 ஏப்ரலில், ஆலை ஆய்வில் கண்ட குறைகளைச் சரிசெய்யும்வரை ஐ.நா. அமைப்புகள் வழியான கோவாக்சின் விநியோகத்தை உலக சுகாதார நிறுவனம் நிறுத்திவைத்தது. அதே நகரில் 1953 முதல் இயங்கும் பயாலஜிகல் இ நிறுவனம், டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்களின் தொழில்நுட்பத்தில் கோர்பிவாக்ஸ் தடுப்பூசியைத் தயாரித்து 2021 டிசம்பரில் அனுமதி பெற்றது. அதன் புரதத்தை உற்பத்தி செய்ததும் பிச்சியா பாஸ்டோரிஸ் ஈஸ்ட்தான். 1990களில் ஹைதராபாத் கற்றுக்கொண்ட அதே கலை.

இந்த வளர்ச்சிக்கு மிகப் பெரிய விலையைக் கொடுத்தவர்கள் பட்டன்சேருவைச் சுற்றியுள்ள கிராமத்தினர். 1970களிலிருந்து அங்கே குவிந்த மூலமருந்து ஆலைகளின் கழிவு, நக்கவாகு ஓடை வழியாக மஞ்சீரா ஆற்றில் கலந்தது. நிலத்தடி நீர் நிறம் மாறி, பாசனம் கெட்டு, 1990லேயே வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏறக்குறைய 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைப் பெறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2007ல் முடிவை வெளியிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அதில் இருந்தது. மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது அதிகம். ஒரு நாளில் வெளியேறிய அளவு 45 கிலோ. ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாள்களில் பயன்படுத்தும் அளவுக்குச் சமம். நுண்ணுயிர்க்கொல்லிக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதற்கு இதைவிடத் தோதான சூழலை அமைத்துத் தர இயலாது. கழிவுநீரில் நுண்ணுயிர்க்கொல்லி எச்சத்துக்கு வரம்பு விதிக்கும் வரைவு விதியை 2020ல் ஒன்றிய அரசு வெளியிட்டது. 2021ல் இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. மருந்து ஏற்றுமதியின் வருமானத்தைக் கணக்கிடுபவர்கள் இந்த நீரின் விலையையும் அதே கணக்கேட்டில் எழுத வேண்டும். நகருக்குத் தெற்கே முச்சேர்லாவில் ஏறத்தாழ 19,000 ஏக்கரில் திட்டமிடப்பட்ட பார்மா சிட்டிக்கு அங்குள்ள விவசாயிகள் காட்டிய எதிர்ப்பில், நிலம் போகிறதே என்ற கவலையோடு பட்டன்சேருவின் நினைவும் கலந்திருந்தது.

மலிவாகத் தயாரிக்கும் திறமையே இந்தத் தொழிலின் எல்லையையும் வரைந்துவிட்டது. 1995ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததன் தொடர்ச்சியாக, 2005 ஜனவரி 1 முதல் பொருளின்மீதான காப்புரிமையை இந்தியா மீண்டும் ஏற்றது. வேறு வழியில் தயாரித்து விற்கும் பழைய பாதை புதிய மருந்துகளுக்கு அடைபட்டது. விதிவிலக்காக, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் 2012ல், காப்புரிமையாளரின் சம்மதமின்றியே தயாரிக்க அரசு தரும் கட்டாய உரிமத்தை நாட்டிலேயே முதன்முதலில் பெற்று, மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு விற்ற பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தை ஏறத்தாழ 8,800 ரூபாய்க்குத் தந்தது. ஆனால் அந்தக் கதவு அதன்பின் திறக்கவில்லை. சொந்தமாகப் புது மருந்து கண்டுபிடிக்கும் முயற்சியில் டாக்டர் ரெட்டீஸ் முன்கூட்டியே இறங்கியிருந்தது. அதன் நீரிழிவு மருந்து மூலக்கூறுகளை 1990களின் பிற்பகுதியில் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் உரிமம் பெற்று வாங்கியது நாட்டுக்கே புதுமை. 2002ல், விலங்குச் சோதனையில் கட்டிகள் தோன்றியதால் ரகாகிளிடசார் என்ற மூலக்கூறின் பரிசோதனை நிறுத்தப்பட்டது. மற்றொன்றும் சந்தையை எட்டவில்லை. பல மூலக்கூறுகள் தோற்று ஒன்று தேறும் துறையில் இது இயல்பான நிகழ்வு. தோல்விகளைத் தாங்கிக்கொண்டு இருபது ஆண்டுகள் காத்திருக்கும் முதலீடு இந்தியாவில் குறைவாக இருப்பதுதான் வேறுபாடு. ஆகவே பல நிறுவனங்கள், பிறர் கண்டுபிடிக்கும் மருந்துக்கான ஆராய்ச்சி வேலையை ஒப்பந்தத்தில் செய்து தருவதையும், காப்புரிமை முடிந்த உயிரி மருந்துகளின் நிகர்வடிவங்களைத் தயாரிப்பதையும் தேர்ந்தெடுத்தன. 2007லேயே ரிட்டுக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்தின் நிகர்வடிவத்தை டாக்டர் ரெட்டீஸ் வெளியிட்டது. நோவார்ட்டிஸ், ஆம்ஜென் முதலிய பன்னாட்டு நிறுவனங்களின் தரவு, தொழில்நுட்ப மையங்கள் ஹைதராபாத்துக்கு வருவது வேலைவாய்ப்புக்கு நல்லது. அங்கே நடக்கும் கண்டுபிடிப்புகளின் உரிமை வேறு நாட்டில்தான் பதிவாகும்.

இன்னொரு பலவீனம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இந்தியா இறக்குமதி செய்யும் மூலமருந்துகளிலும் இடைப்பொருள்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. பூஞ்சையை நொதிக்கவைத்துப் பெறும் பென்சிலின் ஜி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒருகாலத்தில் இந்தியப் பொதுத்துறை ஆலைகளே தயாரித்த இந்தப் பொருளின் உற்பத்தி, சீன விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்றுபோனது. 2020ல் ஒன்றிய அரசு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தபின், ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரபிந்தோ பார்மா, ஆந்திரத்தின் காக்கிநாடாவில் ஆண்டுக்கு 15,000 டன் திறனுள்ள ஆலையை அமைத்து 2024ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1980களின் இறுதியில் புதுச்சேரியில் பென்சிலின் சார்ந்த மருந்துகளோடு தொழிலில் இறங்கிய நிறுவனம் அது. சீன ஆலைகள் விலையை மேலும் குறைத்தால் இந்த ஆலை எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதை, ஊக்கத்தொகை நின்ற பிறகும் உள்நாட்டு மருந்து நிறுவனங்கள் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து அதனிடம் வாங்குகின்றனவா என்பதே தீர்மானிக்கும்.